மதிலுக்குப் பின்னால் ஓர் இடம்

பூதம் என் வலது தோளில் கோடாலியை இறக்கிவிட்டு மறுபடியும் ஓங்கியது.

"இன்னும் எத்தனை உயிர் இருக்கு?" என்று பின்னாலிருந்து மனைவி கேட்டாள்.

"நாலு."

"போதும். அப்படியே நில்லுங்க."

நின்றேன். சாப்பாட்டு மேஜையின் மேல் இருபது முகப் பகடை உருண்டு, உப்பு டப்பாவில் மோதி நின்றது. பதினேழு. மேல்வீட்டு மருந்துக்கடைக்காரர் தன் அட்டைத் தடுப்புக்கு மேலே தலையை நீட்டி என்னை இரக்கத்தோடு பார்த்தார். ஆட்டத்தில் கதை நடத்துபவர் அவர். பூதங்கள் எல்லாம் அவருடையவை.

"மன்னிக்கணும் சார். விழுந்துட்டீங்க."

மாலை நாலரை மணிக்கு நான் இறந்துபோனேன். அந்த மாதத்தில் அது மூன்றாவது முறை.

"மாமா, கொஞ்சம் ஓரமா சாஞ்சு சாவுங்க" என்றாள் மச்சினி. "அம்பு விட வழி வேணும்."

ஞாயிறுதோறும் நாங்கள் ஆடும் ஆட்டம் இது. காகிதம், பென்சில், பகடை போதும். மீதி எல்லாம் வாயால். ஆளுக்கு ஒரு வேடம். சண்டை என்று வந்தால் ஆளுக்கு ஒரு வேலை. முன்னால் நின்று எல்லா அடியையும் வாங்குகிறவனை விதிப் புத்தகம் டேங்க் என்கிறது. எங்கள் மேஜையில் அவன் மதில். தூர நின்று அடிப்பவர் அம்பு. எதிரியை எந்த மூலையில் நிறுத்துவது, எந்தக் கதவைப் பூட்டுவது, யாரை யார்மேல் ஏவுவது என்று களத்தையே ஆட்டி வைப்பவர் மந்திரம். விழுந்தவர்களை எழுப்புகிறவர் மருந்து.

மனைவிதான் மந்திரம். பள்ளிக்கூடத்தில் கால அட்டவணை போடுவது அவள் பொறுப்பு. நாற்பது ஆசிரியர்களை, ஒருவரோடு ஒருவர் பேசாத ஆறு பேர் உட்பட, முப்பது வகுப்பறைகளில் மோதாமல் உட்கார வைப்பவள். அவளுக்கு விதிப் புத்தகம் தேவைப்படவில்லை. மச்சினி, அதாவது அவள் தங்கை, கூரியர் கம்பெனியில் புகார்ப் பிரிவு. அம்பு. நான் லிஃப்ட் மெக்கானிக். ஆள் அகலம். அகலத்தைப் பார்த்து மதில் ஆக்கிவிட்டார்கள். உள்ளே என்ன கல்லால் கட்டியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

கல்லுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு நாள் வாசல் மணி அடித்தது. வீட்டுச் சொந்தக்காரர். சுவரில் ஆணி அடித்தது யார் என்று விசாரிக்க வந்திருந்தார். கதவை யார் திறப்பது? மூவரும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். "மதில் எதுக்கு இருக்கு?" என்றாள் மச்சினி. அன்றிலிருந்து, மேஜையில் எடுத்த வேடம் வீட்டிலும் செல்லும் என்று ஆகிவிட்டது. கரப்பான்பூச்சி, வீட்டுச் சொந்தக்காரர், மின்சாரம் போன மாடிப்படி மூன்றுக்கும் மதில்தான் முதலில் போக வேண்டும். போன் செய்வது, திட்டுவது, சந்தாவை ரத்து செய்வது எல்லாம் அம்பு. நாள் குறிப்பது, இடம் பிடிப்பது மந்திரம். மாத்திரை, டாக்டர், ஆஸ்பத்திரி எல்லாம் மருந்து. அதில் மருந்து சொல்வதே கடைசி வார்த்தை.

மருந்தாக இருந்தவர் கீழ்வீட்டுத் தையல்காரர். ஆறு மாதம் முன்பு வீடு மாற்றிப் போய்விட்டார். அதனால்தான் நான் மாதத்துக்கு மூன்று முறை சாகிறேன். வீட்டில் அந்தப் பதவியை மனைவி கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டாள். அங்கேதான் எனக்கு ஆபத்து.

என் பித்தப்பையில் ஒரு கல் இருக்கிறது. பதினோரு மில்லிமீட்டர். முதல் வலி வந்த அன்று நான் குளியலறைத் தரையில் கிடந்து, வாளியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்ததாக மனைவி சொல்கிறாள். அறுத்து எடுத்துவிடலாம், மூன்று சின்ன ஓட்டைதான் என்றார் டாக்டர். இரண்டு முறை தேதி கொடுத்தார். முதல் தேதிக்கு ஒரு லிஃப்ட் பழுதானது. இரண்டாவது தேதிக்கு எனக்கு ஜலதோஷம் வந்தது. லிஃப்டை நான்தான் பழுதாக்கினேன் என்பது இதுவரை யாருக்கும் தெரியாது.

"மறுபடி தள்ளிப்போட்டா, அது குழாய்ல போய் அடைச்சுக்கும்" என்றார் டாக்டர். "அப்ப நாங்க தேதி குடுக்க மாட்டோம். அதுவே குடுத்துக்கும்."

மூன்றாவது தேதி, வருகிற புதனுக்கு அடுத்த புதன்கிழமை, காலை எட்டு மணி. குளிர்பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்தது. நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

பதினாலாவது மாடியில், லிஃப்ட் குழிக்குள் ஒரு பெல்ட்டை நம்பித் தொங்கியிருக்கிறேன். கீழே பார்த்துக்கொண்டே ரொட்டி தின்றிருக்கிறேன். பயம் வந்ததில்லை. குழியில் நான் இயந்திரத்தைத் திறக்கிறேன். ஆஸ்பத்திரியில் இயந்திரம் நான். திறந்து, பார்த்து, மூடி முடித்த பிறகு தரையில் ஒரு திருகாணி மிச்சம் கிடப்பதை என் தொழிலில் எத்தனை முறை கண்டிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். "பரவாயில்ல, ஓடுது" என்று சொல்லி அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தப் பை வீட்டில் இருக்கிறது. கனமான பை.

ஆகவே, பூதம் என்னைக் கொன்ற அந்த ஞாயிற்றுக்கிழமை, தரையில் கிடந்தபடியே, அதாவது நாற்காலியில் சாய்ந்தபடியே, நான் ஒரு முடிவு எடுத்தேன். என் வாழ்க்கையில் நானாக எடுத்த முடிவுகளில் இது இரண்டாவது.

"இனிமே நான் மதில் இல்ல" என்றேன். "காலியா இருக்கிற இடத்துக்குப் போறேன். மருந்து."

பென்சில்கள் நின்றன. மருந்துக்கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். மச்சினியும் மனைவியைப் பார்த்தாள். மனைவி என் காகிதத்தைப் பார்த்தாள்.

"சரி" என்றாள்.

பன்னிரண்டு வருடக் கல்யாணத்தில் அவள் ஒரே வார்த்தையில் சரி சொன்னது அதுவரை மூன்று முறை. மூன்று முறையும் எனக்குத்தான் அடி. அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வெற்றி வந்தால் எனக்கு ஞாபகசக்தி போய்விடுகிறது.

"அப்ப மதிலா யார் நிக்கறது?" என்றாள் மச்சினி.

"நான் நிக்கறேன்" என்றாள் மனைவி.

"மந்திரம்?"

"இந்த ஆட்டத்துக்கு மந்திரம் வேண்டாம்."

மருந்துக்கடைக்காரர் புத்தகத்தைப் புரட்டினார். "ஒண்ணே ஒண்ணு சார். மருந்துக்காரர் மதிலை விட்டு ஆறடிக்கு மேல விலகக்கூடாது. மதில் விழுந்துட்டா முதல் கேள்வி உங்களைத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும்" என்றேன். மதிலுக்குப் பின்னால் ஆறடி. எனக்கு வேண்டியது அந்த இடம்தான்.

அன்று இருந்த மீதி வெளிச்சத்தில் ஒரு சண்டை போட்டோம். இரண்டு ஓநாய்கள். மனைவி முன்னால் போய் நின்றாள். என் கையில் ஆறு மருந்துக் குப்பிகள். ஒன்று கொடுத்தால் மிச்சம் ஐந்து. ஐந்து ஓநாய் வந்தால்? நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது பகடை உருண்டது. மறுபடி உருண்டது.

"மருந்து எங்க?" என்றாள் மனைவி.

"எண்ணிக்கிட்டிருக்கேன்."

"எண்ணுங்க. நான் செத்துக்கிட்டிருக்கேன்."

அவள் காகிதத்தில் உயிர் பன்னிரண்டு என்று இருந்தது எட்டாகி, மூன்றாகியது. அழித்து அழித்து அந்த இடமே சாம்பலாகிவிட்டது. நான் ஆறு குப்பியையும் ஒரேயடியாக அவள்மேல் கவிழ்த்தேன். அவள் பிழைத்தாள். என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மதிலாக நின்றபோது ஒரு நாளும் இப்படி வேர்த்ததில்லை. அடி வாங்குகிறவனுக்கு வாங்கியதும் விஷயம் முடிந்துவிடுகிறது. பின்னால் நிற்கிறவனுக்கு முடிவதே இல்லை. வேடத்தை மாற்றியது தப்போ என்று ஒரு கணம் தோன்றியது. குளிர்பெட்டிக் கதவை நினைத்துக்கொண்டேன். தப்பில்லை.

திங்கட்கிழமை காலை, காந்தத்தை எடுத்துவிட்டுத் தேதிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அறிவித்தேன். "மருந்துங்கற முறையில சொல்றேன். அந்தப் புதன்கிழமை ரத்து."

"மருந்து சொன்னா சரிதான்" என்றாள் மனைவி.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிடறேன்."

"மாமா" என்றாள் மச்சினி. வேலைக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டில் காபி குடிக்க வந்திருந்தாள். "போன் அம்போட வேலை. நம்ம சட்டம்தானே?"

சட்டம்தான். அவள் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தலையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். திரும்பி வந்து கோப்பையைக் கையில் எடுத்தாள்.

"புதன்கிழமை விஷயம் சொல்லியாச்சு மாமா. குறிச்சுக்கிட்டாங்க."

அன்று நான் நான்கு தம்ளர் தண்ணீர் குடித்தேன்.

என் சந்தோஷத்துக்கு ஆயுள் இரண்டரை நாள். புதன்கிழமை மாலை, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி சட்டென்று நின்றாள். வலது விலாவுக்குக் கீழே கையை வைத்தாள். அந்த இடம் எனக்குத் தெரியும். அந்த இடத்தின் விலாசத்தை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"அங்க ஏன் கையை வைக்கிற?"

"எங்கயாவது வைக்கணும் இல்ல? மதிலுக்கு வலிக்கக் கூடாதா?"

மறுநாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்தாள். அதற்கு அடுத்த நாள் மாடிப்படியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறினாள். கேட்டால் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கொன்றது. வேலைக்குப் போன இடத்தில் ஒரு லிஃப்ட் கதவை நாலு முறை திறந்து நாலு முறை மூடினேன். அதில் பழுது எதுவும் இல்லை. அது பக்கத்துக் கட்டடத்து லிஃப்ட்.

சனிக்கிழமை மருந்துக்கடையில் போய் நின்றேன். கூட்டம் கலையும்வரை காத்திருந்தேன்.

"வலது பக்கம் வலி. எண்ணெய் பட்டதைத் தொடறதில்ல. சாஞ்சு நடக்கறா. என்ன சார் அது?"

மருந்துக்கடைக்காரர் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார். "உங்களுக்கு இருந்த மாதிரியேதானே இருக்கு?"

"அதான் கேக்கறேன்."

"அப்ப உங்களுக்கே தெரியுமே சார். இதைத் தள்ளிப்போடலாமா?"

"கூடாது" என்றேன். சொன்னது என் வாய்தான்.

ஞாயிறு வந்தது. ஆட்டத்தை நான் ஆரம்பிக்க விடவில்லை. பகடையை உள்ளங்கையில் இறுக்கி மூடிக்கொண்டேன்.

"நீ டாக்டரைப் பார்க்கணும்."

"பார்க்கலாம். அடுத்த மாசம் பரீட்சை முடியட்டும்" என்றாள் மனைவி.

"தள்ளிப்போடறது முட்டாள்தனம்."

"எனக்கு ஊசின்னா பயங்க."

"இதுல என்ன பயம்? எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்."

"அறுக்கணும்னு சொல்லிட்டா?"

"அறுக்கறதுன்னா என்ன அறுக்கறது? மூணு சின்ன ஓட்டை. தூங்கி எழுந்தா முடிஞ்சுது. வளர்ந்த ஆளு, இதுக்குப் போய் நடுங்கலாமா?"

மச்சினி பென்சிலைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது. அக்காவை நினைத்து அழுகிறாள் என்று எண்ணினேன்.

"நீங்க கூட வருவீங்களா?" என்றாள் மனைவி. குரல் சின்னதாக இருந்தது.

"ஆறடி விலக மாட்டேன்."

"அப்ப உங்க புதன்கிழமை காலியாத்தானே கிடக்கு? அதே டாக்டர். அந்த நேரத்துக்கே போயிடலாம்."

எதையும் வீணாக்காதவள் என்று அந்த நிலையிலும் அவளை மெச்சிக்கொண்டேன்.

"ஸ்கேனுக்கு வெறும் வயிறா வரச் சொல்வாங்க" என்றாள். "செவ்வாய் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பச்சைத் தண்ணிகூடக் கூடாது. நான் பட்டினியா இருக்கறப்ப நீங்க எதிர்ல உக்காந்து காபி குடிப்பீங்க."

"நானும் குடிக்க மாட்டேன்."

"ஒரு வாய்?"

"ஒரு சொட்டுகூட."

"சத்தியமா?"

பகடையின் மேல் அடித்துச் சத்தியம் செய்தேன். எங்கள் வீட்டில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது.

புதன்கிழமை காலை ஏழரைக்கே போய்விட்டோம். அவள் தோளில் ஒரு பெரிய பை. ஒரு ஸ்கேனுக்கு எதற்கு இவ்வளவு பெரிய பை என்று கேட்கத் தோன்றவில்லை. நீளமான தாழ்வாரம். பச்சை நிறச் சுவர். ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் அந்த வாசனை வந்தது. என் கால் இரண்டும் வேறு யாரிடமோ கடன் வாங்கியவை மாதிரி நடந்தன. ஆனால் நின்றால் அவள் நின்றுவிடுவாள். நடந்தேன். கவுன்டரில் மனைவி மருத்துவக் கோப்பு ஒன்றை நீட்டினாள். தடித்த கோப்பு. போன தேதிக்காக எடுத்த என் ரத்தப் பரிசோதனை, இதயப் பரிசோதனை எல்லாம் அதில் இருந்தன. பழைய கோப்பிலேயே தன் காகிதங்களையும் சேர்த்து வைத்திருக்கிறாள், சிக்கனம், என்று நினைத்தேன்.

ஒரு அறையைக் காட்டினார்கள். ஒரு கட்டில். ஒரு நாற்காலி. கட்டிலின் மேல் மடித்து வைத்த நீல அங்கி.

"நீ உக்காரு" என்றேன்.

"பரவாயில்ல, நிக்கறேன்."

வெளியே சக்கரம் உருளும் சத்தம். நின்றது. கதவு திறந்தது. நர்ஸ் ஒருத்தி தட்டோடு உள்ளே வந்தாள். தட்டில் பஞ்சு, பிளாஸ்திரி, அதற்குப் பக்கத்தில் அது. நீளமாக, மெல்லியதாக, மூடி போட்டு. அதை இவள்மேல் குத்தப் போகிறார்கள். என்ன செய்கிறேன் என்று தெரியாமலே இரண்டு எட்டு வைத்து, மனைவியை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, அகலமாக நின்றேன்.

நர்ஸ் தலையை நிமிர்த்தாள். "பேஷன்ட் யாரு?"

"முன்னால நிக்கறவர்" என்றாள் மனைவி.

திரும்பிப் பார்த்தேன். அவள் நேராக நின்றுகொண்டிருந்தாள். கை விலாவில் இல்லை.

"உன் வலி?"

"இடுப்புல இருக்கு. ஒரு வாரமா கோணக்கோண நடந்தா வராதா?"

"அப்ப கல்லு?"

"பதினோரு மில்லிமீட்டர். உங்ககிட்டதான் பத்திரமா இருக்கு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அது பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஒரு மூச்சு. இவளுக்கு ஒன்றும் இல்லை. அந்த ஒரு மூச்சு நேரம் உலகத்தில் எதைக் கண்டும் எனக்குப் பயமில்லாமல் இருந்தது. அந்த நேரம் பார்த்து நர்ஸ் என் மணிக்கட்டில் பெயர் எழுதிய பட்டையைச் சுற்றி அழுத்திவிட்டாள். மந்திரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பத்து நாளாக இவள் வேறென்ன செய்துகொண்டிருந்தாள்?

"நான்தான் ரத்து பண்ணிட்டேனே."

"நீங்க எங்க பண்ணினீங்க? அம்பு பண்ணினா. புதன்கிழமை தவறாம வருவார்னு சொன்னா. அதைத்தான் குறிச்சுக்கிட்டாங்க."

"நான் மருந்து. என் வார்த்தைதான் கடைசி."

"ஆமா" என்றாள். "சொல்லுங்க. வேண்டாம்னா இப்பவே போயிடலாம். கதவு திறந்துதான் இருக்கு."

கதவு திறந்துதான் இருந்தது. தாழ்வாரம் தெரிந்தது. அதன் முனையில் வெயில் தெரிந்தது. நர்ஸ் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை என்ன சொன்னீங்க? தூங்கி எழுந்தா?"

அவள் காத்திருந்தாள். நாற்பது ஆசிரியர்களை இப்படித்தான் காத்திருந்தே உட்கார வைத்திருப்பாள்.

"முடிஞ்சுது" என்றேன்.

"படிச்சுப் பார்த்துட்டு இங்க கையெழுத்துப் போடுங்க" என்றாள் நர்ஸ்.

ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எவ்வளவு மெதுவாகப் படிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக. பிறகு போட்டேன். அது ஓநாய் போட்ட கையெழுத்து மாதிரி இருந்தது. நீல அங்கி எனக்குப் போதவில்லை. முன்பக்கம் மறைத்தால் பின்பக்கம் திறந்தது. மதிலில் அவ்வளவு பெரிய ஓட்டை இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சக்கரக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். கூரையில் விளக்குகளை எண்ணினேன்.

"பயமா இருக்கா?" என்றாள் மனைவி.

"இருக்கு."

"எனக்கும்."

"வெளியில எடுத்ததும் திருகாணி எதுவும் கீழ கிடக்குதான்னு பாரு."

"பார்க்கறேன்."

"நீ எங்க இருப்ப?"

"ஆறடிக்குள்ள."

கட்டில் நகர்ந்தது. கதவு முழுதாகச் சாத்துவதற்குள் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவள் குனிந்து, தரையில் நான் விட்டிருந்த செருப்புகளை எடுத்து, ஒன்றோடு ஒன்றைத் தட்டித் தூசியை உதறி, தன் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.